மிளகுக்கு எண்பத்து நாலு மாத்திரை

இந்த வருஷம் குற்றால சீசனில் ஒரு நாள்கூட விடாமல் ஐந்தருவியில் குளித்தே தீருவது என்று மாரிராஜ் சபதம் எடுத்தார். இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் பனியில் நின்ற உடம்பு. ஓய்வு பெற்றுத் தென்காசிக்கு வந்ததே இதற்காகத்தானே!

சாரல் ஆரம்பித்த அன்றே வீட்டுப் பூனை மிளகு படுத்துவிட்டது. வயிறு குடமாக உப்பியிருந்தது. மீன் தலையைக்கூட முகர்ந்து பார்க்கவில்லை. மனைவி ஜெயசித்ரா அழுதாள். கால்நடை டாக்டர் முஃபீத் ரத்தம் எடுத்துச் சோதித்தார்.

"வைரஸ் நோய் அண்ணாச்சி. முன்னெல்லாம் இது வந்தா பூனை பிழைக்காது. இப்ப ஒரு மருந்த சோதிச்சுப் பாக்கோம். சம்மதம்னா மிளகையும் சேத்துக்கிடலாம். எண்பத்து நாலு நாளு, காலைல ஆறு மணிக்கு ஒரு மாத்திரை. நேரம் தப்பக்கூடாது."

நாலு பக்க இங்கிலீஷ் தாள். மாரிராஜ் படிக்காமலே கம்பீரமாகக் கையெழுத்துப் போட்டார். எப்படியும் கொடுக்கப் போவது ஜெயசித்ராதானே. ஆறு மணிக்கு அவர் அருவிக்கடியில் இருப்பார்; அதற்கு மேல் போனால் கூட்டத்தில் தலையைக்கூட நனைக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் ஜெயசித்ரா அதை வரிவரியாகப் படித்தாள்.

"ஏங்க, கையெழுத்துப் போட்ட ஆளுதான் மாத்திரை குடுக்கணுமாம். கை மாறப்படாதாம்."

"எங்கன போட்டிருக்கு?"

"மூணாம் பக்கம். கண்ணாடியப் போட்டுப் படிங்க."

கண்ணாடி போட அவர் கௌரவம் இடம் தரவில்லை.

"பட்டாளத்தையே மேய்ச்சவன்ட்டி நான். ஒரு பூனைய மேய்க்க முடியாதாக்கும்?"

முதல் நாள் மாத்திரைக்குப் பதில் அவர் விரல் பூனையின் வாய்க்குள் போனது. அடுத்த நாள் நெய்யில் உருட்டிக் கொடுத்தார். மிளகு நெய்யை நக்கிவிட்டு, மாத்திரையைப் பளபளவென்று திருப்பித் தந்தது. மனிதர் விடவில்லை. விழுங்கும்வரை போராடினார். அந்த நேரத்தில் ஜெயசித்ரா கோயிலுக்கென்று சொல்லிப் போய், ஈரத் தலையோடு வருவாள்.

"வெளிய மழையா, ஏட்டி?"

"சாரலுங்க."

மூன்றாவது வாரம் மிளகின் வயிறு வற்றியது. ஒரு காலை அதுவாகவே வந்து அவர் மடியில் ஏறிச் சுருண்டது. மாரிராஜ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எல்லாம் என் கைராசி" என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

எண்பத்து நாலு நாளும் முடிந்தன. டாக்டர் மறுபடி சோதித்தார்.

"மிளகு தேறிட்டு அண்ணாச்சி!"

"தேறாதா பின்ன? கை மாறாம குடுத்தேன்லா!"

"கையா? யாரு குடுத்தா என்ன, நேரம்தான் மாறக்கூடாது. ஆனா நீங்க குடுத்ததுலதானே அக்கா தினமும் எங்க வீட்டம்மாகூட ஐந்தருவிக்கு வர முடிஞ்சுது."

மாரிராஜ் மெல்லத் திரும்பினார். ஜெயசித்ரா சுவரிலிருந்த மாட்டுப் படத்தை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி! நாளைலருந்து நான் போறேன். நீ வீட்ல இரு!"

"தாராளமாப் போங்க" என்று மிளகைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். "நேத்தோட அருவில தண்ணி நின்னு போச்சு."