ஸிம்ஸிமைத் திரும்ப அழைத்துக்கொள்வது பற்றி

அன்பு மகன் ராமிஸுக்கு,

அலெக்ஸாண்டிரியா முஹர்ரம் பே பகுதியிலிருந்து உன் தந்தை, ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஷஃபீக், ஸலாம் சொல்லி எழுதுவது. தோஹாவில் உன் வேலையும் உடம்பும் நோன்பும் நல்லபடி நடக்க அல்லாஹ் அருள்வானாக. இங்கே நான் சுமாரான நலம். நீ விட்டுப்போன நாய் ஸிம்ஸிம் என்னைவிட நலம். அந்த நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் திட்ட ஆரம்பித்ததும் உனக்கு எப்படியோ சிக்னல் போய்விடுகிறது. மேல்மாடி டாக்டரம்மாவின் தம்பி வியாழக்கிழமை தோஹாவுக்கு வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

‘ரெண்டே வாரம் பாத்துக்குங்கப்பா’ என்று நீ சொல்லிப்போய் நான்கு மாதம் ஆகிறது. குட்டி என்றாய். அது என் முழங்காலைத் தாண்டி வளர்ந்து, காது மட்டும் தனியாக இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. முப்பது வருடமாக இந்தத் தெருவில் என்னை நிறுத்தி, கெய்ரோ வண்டி நேரத்துக்கு வருமா என்று கேட்காதவர்கள் கிடையாது. இப்போது என்னைத் தூரத்தில் கண்டாலே எதிர்ப்பக்கம் போகிறார்கள். நானும் சும்மா இருக்காமல், ‘பயப்படாதீங்க, கடிக்காது, கடிக்காது’ என்று கத்திக்கொண்டே பின்னால் போவேன். நான் கத்தக் கத்த அவர்கள் நடை ஓட்டமாகும்.

அதெல்லாம் போகட்டும். என் கவலை இரண்டாம் மாடி ஹாஜி பயூமி. முப்பத்தொரு வருடம், தினமும் மாலை அஸர் தொழுதபின் கீழே டீக்கடையில் நானும் அவரும் பகடை உருட்டித் தவ்லா ஆடியதும், உன் அம்மா மவுத்தாகி அடக்கம் செய்த அன்றுகூட அவர் பலகையை எடுத்துவந்து ஆடாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததும் உனக்குத் தெரியும். நாய் வந்த மூன்றாம் நாள் படிக்கட்டில் எதிர்ப்பட்டோம். மனுஷர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார். சுவரோடு ஒட்டி, சுண்ணாம்பெல்லாம் சட்டையில் ஏற, கண்ணை மூடிக்கொண்டார். நான் வழக்கப்படி ‘கடிக்காது’ என்றேன். அவர் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

“ஷஃபீக், எனக்கு ஏழு வயசுல தொப்புளைச் சுத்தி இருபத்தோரு ஊசி போட்டாங்க. அந்த நாய்க்காரனும் இதையேதான் சொன்னான்.”

முப்பத்தொரு வருடப் பழக்கத்தில் இது எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அவர் டீக்கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். நானும் அந்த வார்த்தையை என் வாயால் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

அப்புறம்தான் யோசித்தேன். முப்பது வருடம் ஆயிரம் பேரைச் சுமந்த வண்டியைக் கொண்டு சேர்த்தவனுக்கு ஒரு நாயை ஒழுங்காகத் தெருவில் கொண்டுபோகத் தெரியாதா? சட்டங்கள் போட்டேன். கழுத்து வாரைக் குட்டையாகப் பிடிக்க வேண்டும். தடுப்பூசி அட்டை சட்டைப்பையில் இருக்க வேண்டும். அது எங்கே உட்கார்ந்தாலும் பின்னால் பையோடு நான் குனிய வேண்டும். (இந்த வயதில், இந்த இடுப்போடு.) எதிரில் ஆள் வந்தால் அவர்தான் எக்ஸ்பிரஸ், நாங்கள் கூட்ஸ் வண்டி, வழிவிடும் லூப் லைனில் ஒதுங்கி, ஸிம்ஸிம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஆள் கடந்தபின்தான் நகர வேண்டும். நாய் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டது. நீ பத்து வருடத்தில் கற்காதது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். தெருமுனையில் எச்சரிக்கை வேண்டுமே என்று என் பழைய விசிலையும் எடுத்துப்போய் ஊதினேன். ஊதியதும் நடைபாதையில் இருந்த வண்டிக்கடைகள் அத்தனையும், நகராட்சி ஆட்கள்தான் வந்துவிட்டார்கள் என்று நினைத்து, நாலு பக்கமும் பறந்தன. பழம் விற்கும் உம்மு வஃபாவின் ஆரஞ்செல்லாம் டிராம் தண்டவாளம்வரை உருண்டது. நானும் நாயும் பொறுக்கிக் கொடுத்தோம். நாய் பொறுக்கியதை அவள் வாங்கவில்லை. “அண்ணே, நாய்க்கு நான் பயப்படல. விசிலை வீட்டுல கட்டிப்போட்டுட்டு வாங்க” என்றாள்.

சரி, மனிதர்களே இல்லாத நேரம் எது என்று யோசித்ததில், ரமலான் பிறந்ததும் விடை கிடைத்தது. சூரியன் மறைந்து நோன்பு திறக்க மஃரிப் பாங்கு சொல்லும் நேரம் தெருவில் காக்கை குருவி இருக்காது, எல்லோரும் சாப்பாட்டின் முன்னால் இருப்பார்கள். பையில் இரண்டு பேரீச்சம்பழத்தோடு நாயைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு பத்தடி நடந்திருப்பேன், பாங்கு கேட்டது. அந்த நேரத்தில் தெருவில் போகிற ஒருவனை நோன்பு திறக்க வைக்காமல் விட இந்த ஊரில் யாருக்கு மனசு வரும்? அதை மறந்துவிட்டேன். வாசல்தோறும் ஆட்கள் கிண்ணத்தோடு ஓடிவந்தார்கள், நாயைப் பார்த்ததும் அப்படியே நின்றார்கள். விட்டால் பாவம், கிட்டே வந்தால் பயம். ரொட்டிக்கடைக்காரர், அடுப்பில் ரொட்டி தள்ளும் நீளக் கட்டையின் நுனியில் மூன்று பேரீச்சம்பழத்தை வைத்து, கடைக்குள் நின்றபடியே என் மூக்குக்கு நேராக நீட்டினார். ஒருவர் ஜூஸ் பாட்டிலைத் தரையில் உருட்டிவிட்டார். நாய் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, சட்டப்படி நடந்துகொண்டது. நான் வயிறு முட்டத் தின்று வீடு திரும்பினேன்.

நம் கட்டிடத்தின் கீழே வந்ததும் தலைக்கு மேல் ஏதோ ஆடியது. ஹாஜி பயூமி காய்கறி வாங்க இறக்கும் கூடை. அதில் ஒரு கிண்ணம் சூப், மூடி போட்டு. நிமிர்ந்தேன். மாடத்தில் அவர் முகம் தெரியவில்லை, கயிற்றைப் பிடித்த கை மட்டும் தெரிந்தது. “உனக்கு மட்டும்தான்” என்று குரல் வந்தது. மூன்று மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. வயிற்றில் இடமில்லாவிட்டாலும் சூப்பைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன். நாலாம் நாள் கிண்ணத்தோடு ஒரு எலும்பும் தாளில் சுற்றி வந்தது. யாருக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பத்தாம் நோன்பு அன்று கூடையில் பகடைகள் வந்தன. மாடத்தின் கீழே ஸ்டூலில் பலகையை வைத்து, நாயைப் பத்தடி தள்ளி விளக்குக் கம்பத்தில் கட்டி, ஆட ஆரம்பித்தோம். நான் உருட்டிவிட்டுப் பகடையைக் கூடையில் அனுப்புவேன். அவர் மேலே ஒரு தாம்பாளத்தில் உருட்டி, எண்ணைச் சொல்லிவிட்டுக் கீழே இறக்குவார். அவர் காயையும் நானே நகர்த்துவேன். எப்போது பார்த்தாலும் அவருக்கு ஆறு ஆறு. மேலே என்ன விழுகிறது என்று எட்டிப்பார்க்க எனக்கு ஒட்டகக் கழுத்தா இருக்கிறது? தினமும் தோற்கிறேன், கழுத்தும் வலிக்கிறது.

ஆகவே மகனே, தீர யோசித்து முடிவெடுத்துவிட்டேன். நண்பனோடு எதிரெதிரே உட்கார்ந்து ஆட வேண்டும் எனக்கு. எத்தனை நாள்தான் வானத்தைப் பார்த்து ஆடுவது. பெருநாளுக்கு மறுநாள் நீ வந்து நாயைக் கூட்டிப்போக வேண்டும். இதில் மாற்றமில்லை. நீ நீடூழி வாழ்க, உன் அறை நண்பர்களுக்கு என் ஸலாம், சம்பளம் நிலைக்கட்டும், தலைமுடியும் நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தந்தை ஷஃபீக்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டியபின் பிரித்து எழுதுகிறேன். நேற்று மாலை அவர் ஐந்தாம் முறையாக ‘ஆறு ஆறு’ என்றார். தெருவே கேட்கக் கள்ளாட்டம் என்று சொல்லிவிட்டேன். ஹஜ் செய்த மனுஷரை அப்படிச் சொல்லலாமா? கோபத்தில் பகடைகளைக் கையில் பிடித்தபடி, செருப்புகூடப் போடாமல் இறங்கி வந்துவிட்டார். கடைசிப் படியில்தான் நாய் ஞாபகம் வந்தது போலும், அங்கேயே நின்றார். ‘கடிக்காது’ என்ற அந்த வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். எழுந்துபோய் ஸிம்ஸிமின் வாரைக் கம்பத்திலிருந்து அவிழ்த்துக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, சுவர்ப் பக்கம் உட்காரவைத்து, அதற்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டேன். நாயின் முதுகையும் என் கையிலிருந்த வாரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் பகடை ஒன்று நழுவி ஸிம்ஸிம் பக்கம் உருண்டது. ஸிம்ஸிம் தலையைத் திருப்பாமல் நாக்கை மட்டும் நீட்டியது. ஒரு பகடை வயிற்றுக்குள் போயிற்று.

பயத்தோடு பயமாக அவர் சிரித்துவிட்டார். நான் வெட்கப்பட்டு, பெருநாளுக்கு அப்புறம் இந்தத் தொல்லை இருக்காது, பையனுக்கு எழுதிவிட்டேன் என்றேன். அவர் சிரிப்பு நின்றது.

“இதை அனுப்பாதே ஷஃபீக். இது போனா இந்தக் கட்டடத்துக்கு இன்னொருத்தன் நாயோட வருவான். அவன் ‘கடிக்காது’ன்னு சொல்லுவான். நீதான் சொல்ல மாட்டே.”

அதனால் மேலே எழுதியதை நீ படிக்கவில்லை என்று வைத்துக்கொள். பெருநாளுக்கு வந்து எங்களைப் பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பிப் போ. வரும்போது ஒரு ஜோடிப் பகடை வாங்கி வா. விழுங்கிய பழையது இன்று காலை நாய்க்குப் பின்னால் குனிந்து அள்ளிய பையில் கிடைத்தது. நாய் வாய் வைத்ததற்கு மார்க்கம் சொன்னபடி ஏழு முறை, அதில் ஒரு முறை மண் போட்டுக் கழுவியும் ஹாஜி பயூமி தொட மாட்டேன் என்கிறார். பையைத் திறந்தபோது அது ஆறு காட்டிக்கொண்டு கிடந்ததை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.