மாட்டுக்கு வைத்த களி

விருந்தாளி வருகிறார் என்றால் எங்கள் மானாம்பதிப் பக்கத்தில் முதலில் ஓடி ஒளிவது களிச்சட்டிதான். தினமும் தின்பது அதைத்தான், வயலில் தெம்பாக நிற்பதும் அதனால்தான். ஆனால் அடுத்தவர் கண்ணில் பட்டால் கௌரவம் போய்விடுமாம். அந்தக் கௌரவத்தைக் காப்பாற்றப் போய், இருந்ததையும் தொலைத்தவள் நான்.

எண்பதுகளில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் உரமூட்டை வாங்குவதை விட்டுவிட்டு, ஏரிக்குக் கீழே எங்களுக்கு இருந்த கொஞ்ச நிலத்தில் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயத்தில் அதை மடக்கி உழுது, மண்ணைத் தேற்றியிருந்தார். அந்த உழவைப் பார்த்துக் கற்றுக்கொள்ள கென்யாவிலிருந்து நெகேசா என்ற பெண் வந்தாள். எங்களைப் போலவே சிறு விவசாயி. அவள் நிலத்தின் மேல்மண்ணை மழை அரித்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் கட்டாந்தரை, அதை நம்பி மூன்று பிள்ளைகள். புருஷன் இல்லை. அவளைக் கூட்டி வந்த பயிற்சி மையத்துச் சார்தான் எங்கள் இருவருக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்லும் வாய்.

சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மா, வந்ததுலேருந்து இவங்க சரியா சாப்பிடல. இங்கயும் சாப்பிடலன்னா நாளைக்கே ஊருக்கு அனுப்பிடச் சொல்லிட்டாங்க மையத்துல. உழவைப் பார்க்காமலே போயிடுவாங்க."

இவ்வளவு தூரம் வந்துவிட்டு அந்தப் பிள்ளைகளிடம் வெறுங்கையோடு போய் நிற்பதா? விடுவேனா நான்? (என் சமையல் மேல் எனக்கிருந்த கர்வத்துக்கு அப்போது ஏரிக்கரைகூடப் பத்தாது.) நெல்லுச்சோறு, சாம்பார், வத்தக்குழம்பு, வடை, சேமியா பாயசம். இலையில் இடமில்லாமல் அப்பளம் சோற்றின் மேல் ஏறி உட்கார்ந்தது. காலையில் கிளறிய கேழ்வரகுக் களியைச் சட்டியோடு மாட்டுக்கொட்டகைக்குக் கொண்டுபோய்க் கூடையால் மூடிவிட்டு வந்தேன்.

நெகேசா இரண்டு வாய் சாப்பிட்டாள். புளியும் காரமும் ஏறி அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. மன்னிப்புக் கேட்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு, கை கழுவக் கொல்லைப்பக்கம் போனாள். பின்னாலேயே நாங்களும் போனோம். அங்கே மாடு கூடையை முட்டித் தள்ளியிருந்தது. சட்டியின் முன் நெகேசா அசையாமல் நின்றாள்.

"இது என்னன்னு கேக்கறாங்க" என்றார் சார்.

வேடிக்கை பார்க்க அதற்குள் பாதி ஊர் வேலியோரம் கூடிவிட்டது. என் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது.

"அதுவா? மாட்டுக்கு வெச்சது சார். நாங்கல்லாம் அத்தத் தொடறதே இல்ல."

சார் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார். நெகேசா என்னைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள். பிறகு கொட்டகைத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு விள்ளல் கிள்ளி உருட்டி, கட்டைவிரலால் குழி அமுக்கி வாயில் போட்டாள். குழம்பு அள்ள நாங்கள் அமுக்குவோமே, அதே குழி.

"இன்னாடி சரோசா, உங்க வூட்டு மாடு எப்பலேருந்து கேவுரு களி துன்னுது?" என்றாள் எதிர்வீட்டு முனியம்மா. "அப்ப நேத்து வயல்ல குந்திக்கினு நீ துன்னது இன்னா, வைக்கோலா?"

வேலியோரம் சிரிப்பில் அதிர்ந்தது. என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மே மானத்த வாங்கற? உள்ள முருங்கைக்கீர கீது பாரு, எடுத்தாந்து போடு!"

கீரையோடு ஓடி வந்தபோது நெகேசா அழுதுகொண்டே தின்றுகொண்டிருந்தாள். அவள் ஊரிலும் இதே தானியமாம். அவள் அம்மா இப்படித்தான் கிளறிக் கீரையோடு போடுவாளாம். சார் சொல்லச் சொல்ல எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஒரு உயிர் பட்டினி கிடக்க, அதற்கு வேண்டியதையா நான் கூடை போட்டு மூடினேன்? அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அதே சட்டியில் கை வைத்தேன்.

அவளை யாரும் திருப்பி அனுப்பவில்லை. முழங்கால் சேற்றில் இறங்கித் தக்கைப்பூண்டை மிதித்தாள், ஏர் பிடித்தும் பார்த்தாள். உழவு முடியும்வரை தினமும் களிதான்.

புறப்பட்ட அன்று எல்லோரையும் கும்பிட்டவள், என்னைத் தாண்டி நேராகக் கொட்டகைக்குப் போனாள். மாட்டின் முன் நின்று கைகூப்பி ஏதோ சொன்னாள். முகத்தில் துளி சிரிப்பில்லை.

"அதோட சாப்பாட்டை விட்டுக் குடுத்ததுக்கு நன்றி சொல்றாங்க" என்றார் சார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் களி தின்று எழுந்தால் கொட்டகைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட வேண்டும். மருமகள்கூட அதை விடுவதில்லை. இப்போது வீட்டில் மாடு கிடையாது. களி தின்ற மாடு நான்தானாம், அதனால் கும்பிடு நேராக எனக்கே வந்துவிடுகிறது.