மீட்டருக்கு முளைத்த மீசை

எங்கள் காருக்குச் சட்டம் எழுதியவன் நான். இரண்டே விதிகள். ஒன்று, புதுக் காரோடு வந்த உறை, தாள் எதையும் யாரும் பிரிக்கக் கூடாது. இரண்டு, காருக்குள் கறை படுத்தியவர் ஒரு மாதம் சாவியைத் தொடக் கூடாது.

இரண்டாவது விதியில் முதலில் மாட்டியவள் என் மனைவி. சீட்டில் ஒரு சொட்டு காபி.

"ஒரு சொட்டுதானேங்க!"

"சட்டம் சொட்டுக் கணக்கெல்லாம் பார்க்காது."

என்ன கம்பீரமான வாக்கியம்! அதைச் சொன்ன வாய்க்குச் சர்க்கரை போடக் கூடாது, பூட்டுப் போட வேண்டும்.

இனி நான் சொல்லப்போவது உங்களோடு இருக்கட்டும். என் மீசை கறுப்பில்லை. தலைமுடி எல்லாம் விசுவாசமாக இருக்க, மீசை மட்டும் எதிரிக் கட்சிக்குத் தாவிவிட்டது. ஆனால் மனைவி தலைக்கு டை அடிக்கும்போதெல்லாம், "எங்க பரம்பரைக்கே நரை கிடையாதும்மா" என்று கிண்டல் செய்தே பழகியவன் நான். அப்புறம் வீட்டில் வைத்து மீசைக்கு டை பூச முடியுமா? வண்டி துடைக்கப் போகிறேன் என்று இறங்கிப்போய், காருக்குள் உட்கார்ந்து, நடுக் கண்ணாடியைப் பார்த்துப் பூசிக்கொள்வேன். டை புட்டி இருப்பது டாஷ்போர்டு அறையில், பழைய துணிக்கு அடியில். விரல் நீளப் புட்டிதான், ஆனாலும் வருஷக்கணக்காகத் தீரவே இல்லை. சிக்கனக்காரன் கை பட்டால் எதுவும் நீடிக்கும் என்று என்னை நானே மெச்சிக்கொள்வேன்.

அன்றைக்கு, பிரஷ் மூக்குக்குக் கீழே இருக்கும்போது மாடி வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு தும்மல் வந்தது. சொட்டுகள் பறந்துபோய், ஸ்பீடாமீட்டரை மூடியிருக்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்கில் உட்கார்ந்தன. சரியாக அறுபதுக்கும் எண்பதுக்கும் நடுவில்.

சாயங்காலம் மச்சான் வீட்டுக்குப் போக வேண்டும். பக்கத்து சீட்டில் அவள் இருப்பாள். சாவி போனால் போகட்டும், மீசை மானம் போனால் திரும்பி வருமா? கைக்குட்டையில் எச்சிலைத் தொட்டுத் துடைத்தேன். சொட்டுகள் ஒன்றுசேர்ந்து நீளமாக இழுபட்டன. அந்த நேரம் பார்த்து மேல்வீட்டுக்காரர் ஜன்னலுக்குள் தலையை நீட்டினார். யார் வீட்டில் என்ன உடைந்தாலும் யோசனையோடு வந்து நிற்பவர் அவர்.

"என்ன சார், மீட்டருக்கு மீசை வரையிறீங்களா?"

எனக்கு உயிரே போய்த் திரும்பியது.

"பேனா சார். இங்க் கசிஞ்சிடுச்சு."

"டூத் பேஸ்ட் போட்டுத் தேய்ங்க. பல்லே பளபளங்குது, பிளாஸ்டிக் பளபளங்காதா?"

தேய்த்தேன். கறை இருந்த இடத்திலேயே இருந்தது. சுற்றிலும் கீறல் விழுந்தது.

"அப்ப நெயில் பாலிஷ் ரிமூவர்தான் சார். அதுக்கு அசையாத கறையே கிடையாது."

மாடிக்கு ஓடி மனைவியின் மேஜை டிராயரைத் திறந்தேன். சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க தேடுறீங்க?"

"சீப்பு!"

"தலைக்கா, மீசைக்கா?"

ரிமூவர் புட்டியோடு இறங்கி ஓடினேன். பஞ்சில் நனைத்து ஒரே ஒரு இழுப்பு. பிளாஸ்டிக் முழுக்க வெள்ளையாகப் புகை படர்ந்தது. முள் தெரியவில்லை, எண் தெரியவில்லை. கறை மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"எங்க வீட்லயும் இதே மாதிரிதான் சார் ஆச்சு, என் மூக்குக் கண்ணாடிக்கு" என்றார் மேல்வீட்டுக்காரர்.

"அதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலையே!"

அவர் நழுவிவிட்டார். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான மீட்டரும் நானும் மிச்சம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது மனைவி கைப்பையோடு வந்து, கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"இதென்ன, மீட்டருக்குப் பனி பிடிச்சிருக்கு?"

"பேனா கசிஞ்சு... துடைச்சு... இனி மொத்தமா மாத்தணும்மா."

"பேனாவா? நீங்க கையெழுத்தையே கடன் வாங்கின பேனாவுலதானே போடுவீங்க?"

நான் ஸ்டியரிங்கை ஆராய்ந்தேன்.

"சரி, கறை எப்படி வந்துச்சுன்னு கேக்கமாட்டேன்" என்றாள். "நான் இதைப் பளிச்சுன்னு ஆக்கிட்டா, இனிமே சாவி எனக்கு. சம்மதமா?"

மனதுக்குள் துள்ளினேன். இதைச் சரிசெய்ய யாராலும் முடியாது. முடிந்தாலும் கேள்வி கிடையாது. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாமல் எழுந்திருக்க இதைவிட நல்ல வழி உண்டா?

"சம்மதம்!"

அவள் குனிந்தாள். பிளாஸ்டிக்கின் மூலையை நகத்தால் சுரண்டினாள். ஒரு முனையைப் பிடித்துச் சர்ரென்று இழுத்தாள். கறை, கீறல், புகை எல்லாம் ஒரு மெல்லிய தாளோடு உரிந்து அவள் கைக்குப் போயின. அடியில் மீட்டர் புத்தம் புதுசாகச் சிரித்தது.

"காரோட வந்த தாளுங்க. பிரிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டீங்களே, மறந்துட்டீங்களா?"

"அப்படின்னா நீ முதல் விதியை மீறிட்டே!"

"அதுக்குத் தண்டனை எதுவும் நீங்க எழுதலையே!"

நான் இறங்கிச் சுற்றிப்போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். அவள் வண்டியை எடுத்தாள். சொன்ன சொல் தவறவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாவி போனாலும் மானம் பிழைத்ததே என்று மூச்சு விட்டேன். அழுக்குக் கைக்குட்டையை ஒளித்துவைக்க டாஷ்போர்டு அறையைத் திறந்தேன்.

பழைய துணிக்குப் பக்கத்தில், சீல் பிரிக்காத புது டை புட்டி. அதே கறுப்பு.

"பழசுல ஊத்தி ஊத்தி ரொப்பி எனக்கு அலுத்துப்போச்சுங்க, அதான் நீங்க இறங்கிச் சுத்தி வர்றதுக்குள்ள புதுசாவே வெச்சுட்டேன்" என்றாள், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல். சிக்னலில் வண்டி நின்றதும் கையை நீட்டி, என் தலைக்கு மேலிருந்த வெயில் மறைப்பைக் கீழே மடக்கினாள். அதில் ஒரு கண்ணாடி. அதற்குள் பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாக என் மீசை.

"உங்க சீட்டுக்குத் தனிக் கண்ணாடியே இருக்கு, நிதானமா பூசிக்கோங்க. தும்மல் வந்தா மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க, வண்டியை ஓரங்கட்டுறேன்."