நான்காவது வீட்டில் மூச்சு விட்டவர்கள்

மனித குலத்துக்குச் செய்யக்கூடிய சேவைகளில் வீடு கட்டித் தருவது இரண்டாந்தரம். அதைக் கொத்தனார்கூடச் செய்துவிடுவார். பிறர் வாங்க நினைக்கும் வீட்டை முந்திக்கொண்டு வாங்கி, அவர்களுக்கே வாடகைக்கு விடுவதுதான் உத்தமமான சேவை. இந்தச் சேவைக்காகவே இங்கிலாந்தின் பர்ன்லி நகரத்து டெஸ்மண்ட் கிரிம்ஷா தன் கம்பளக் கடை வேலையை உதறினார்.

அவர் அவசரக்காரர் அல்லர். சித்தி செத்து ஒரு வீடு வந்தது. அதை வங்கியில் அடகு வைத்து இரண்டாவதை வாங்கினார். இரண்டாவதன் விலை ஏறியதும் அதை வைத்து மூன்றாவது. இப்படிப் படிப்படியாக ஏழு. கடன் கட்டும் பாக்கியத்தை மட்டும் குடித்தனக்காரர்களுக்கே பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்கள் தேவாலயம் போக, இவர் மனைவி பார்பராவைக் காரில் ஏற்றிக்கொண்டு ஏழு வீட்டையும் வலம் வருவார். இறங்க மாட்டார்.

"ஒரு தடவ உள்ள போய்த்தான் பாரேன், டெஸ்."

"போனா ஏதாவது கேப்பாங்க."

எட்டாவது வீடு பூங்காவுக்கு எதிரே விலைக்கு வந்தது. அதை வாங்க வேண்டுமானால் நான்காவதை வங்கி உயர்த்தி மதிப்பிட வேண்டும். அந்த நான்காவதில்தான் லோரெய்ன் டக்வொர்த் தன் ஆறு வயது மகன் ஜென்சனோடு குடியிருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஜனவரியில் ஒருநாள் விடாமல் போன் செய்து, அவரை உள்ளேயே வரவழைத்துவிட்டாள்.

"பாருங்க மிஸ்டர் கிரிம்ஷா, பையன் ரூம் சுவரு பூரா கருப்பாப் பூஞ்சை. ராத்திரியெல்லாம் இரைக்கிறான். கூரைத் தண்ணி இறங்குற குழா வெடிச்சு சுவத்துலயே ஊத்துது."

டெஸ்மண்ட் குழாயைப் பார்க்கவில்லை. விஞ்ஞானிகள் அப்படித்தான், கண்ணுக்குத் தெரிவதை நம்ப மாட்டார்கள்.

"வீட்டுல சமைக்கிறியாம்மா?"

"சமைக்காம?"

"துணி உள்ள காயப்போடுறியா?"

"இந்த ஊர்ல வெளிய போட்டா மறுபடி துவைச்ச மாதிரில்ல ஆகும்!"

"சரி. ராத்திரி தூங்கறப்ப ரெண்டு பேரும் மூச்சு விடுறீங்களா?"

லோரெய்ன் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "முடிஞ்ச வரைக்கும்."

"அதான் விஷயம்! மூச்சுல ஈரம் இருக்கும்மா. அது எங்க போகும், பாவம், சுவருக்குத்தான் போகும். ஜன்னலத் தொறந்து வச்சுப் படுங்க."

"ஜனவரியிலயா? பிள்ள விறைச்சுப் போயிருவான்யா! குழாயச் சரி பண்ணுங்க. இல்லன்னா நகராட்சில புகார் குடுப்பேன்."

நகராட்சி வந்து பார்த்தால் மதிப்பு விழும்; மதிப்பு விழுந்தால் எட்டாவது போய்விடும். நல்லவேளையாக, அப்போது இங்கிலாந்தில் காரணமே சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் ஒன்று இருந்தது. காரணம் சொன்னால் எதிராளி மனம் புண்படுமே என்ற நாகரிகம். டெஸ்மண்ட் நாகரிகமாகவே நடந்துகொண்டார்.

லோரெய்ன் சாவியைக் கொடுத்தாள். அடுத்த ஊரில் தங்கை வீட்டு சோபாதான் கதி.

"எங்க மூச்சையும் கையோட எடுத்துட்டுப் போறோம். உங்க சுவரு இனிமே சுகமா இருக்கட்டும்" என்றாள். பையன் படியில் நின்று இருமினான்.

டெஸ்மண்ட் தன் கையாலேயே அந்தச் சுவருக்கு வெளிர்மஞ்சள் பெயின்ட் அடித்தார். பிப்ரவரி முழுக்க மழை. வங்கியின் மதிப்பீட்டாளர் பிக்கப் என்பவர் வந்தபோது, பூஞ்சை பெயின்டைத் தாண்டிக் கூரைக்கே ஏறியிருந்தது.

"யாரு குடியிருக்கா?" என்றார் பிக்கப்.

"யாருமில்ல. காலி."

"அப்ப இது?"

டெஸ்மண்டுக்கு வியர்த்தது. ஆனால் தத்துவம் கைவிடவில்லை. "பழைய குடித்தனங்க. அவங்க விட்ட மூச்சு இன்னும் வெளிய போகல."

ஜன்னலுக்கு வெளியே குழாய் சடசடவென்று ஊற்றியது. பிக்கப் அதைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார். ஒரு மூச்சுதான், சுவர் மன்னிக்கும். "எனக்கும் மூணு வீடு இருக்குங்க. எல்லாம் இதே ரகம்தான். என்னத்தச் சொல்ல!" என்றவர், கேட்ட மதிப்பைக் குறைக்காமல் போட்டார். எட்டாவது வீடு கைக்கு வந்தது.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, டெஸ்மண்டும் பார்பராவும் போயிருந்த சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பையன் தள்ளுவண்டிகளுக்கு நடுவே தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தான். பின்னாலேயே லோரெய்ன்.

"நம்ம ஜென்சனா இது?" என்றாள் பார்பரா. "இரைப்பு?"

"தங்கச்சி வீட்டுக்குப் போன மூணாவது வாரமே நின்னுருச்சு, மிசஸ் கிரிம்ஷா. இப்பப் பாருங்க, பிடிக்கவே முடியல" என்று சிரித்தபடி ஓடினாள் லோரெய்ன்.

டெஸ்மண்டின் முகம் சிவந்தது. அவருக்கு நிஜமாகவே வலித்தது.

"பாத்தியா பார்பரா? அடுத்தவன் வீட்டுல மட்டும் ஒழுங்கா மூச்சு விடுறான்!"

நான்காவது வீட்டுக்குப் போன வாரம்தான் ஒரு இளம் ஜோடி வந்திருந்தது. சுவருக்கு மறுபடியும் பெயின்ட் ஆகிவிட்டது. குழாய் அப்படியே இருக்கிறது. பையன் படுத்திருந்த இடத்தில் இப்போது தொட்டில். குழந்தைக்கு நான்கு மாதம். இன்னும் இருமத் தொடங்கவில்லை.