ஏழாவது நிமிடத்து மேடு

மலைக்குப் பக்கத்தில் ஒரு மேடு இருந்தது. இருக்கக் கூடாது.

வேதியியலாளர் வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார். மேடு போகவில்லை. பதினோரு மாதம் பாடுபட்டு, பதினான்கு படிகளில் கோத்துக் கட்டிய மூலக்கூறு அது. கடைசியில் கைக்கு வந்தது நாற்பது மில்லிகிராம் வெள்ளைப் பொடி. தும்மினால் போய்விடும். வெள்ளிக்கிழமைக்குள் அதில் பத்து மில்லிகிராமாவது சுத்தமாகப் பரிசோதனைப் பிரிவுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் திட்டத்துக்கே பூட்டு.

பொடியைக் கரைத்துக் கருவியில் விட்டால், அது நிமிடவாரியாக வரையும் கோட்டில் சுத்தமான பொருளுக்கு ஒரே ஒரு மலைதான் வரும். மேடு வந்தால் உள்ளே அந்நியர் யாரோ இருக்கிறார் என்று அர்த்தம். திங்களன்று இவருக்கு ஏழாவது நிமிடத்தில் வந்தது. இரண்டு சதவீதம்.

கருவியைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் இவருடைய மனைவியாகப் போய்விட்டார். மூன்று வாரமாகப் பேச்சு இல்லை. சூப்பில் உப்பு ஐந்து சதவீதம் கூடுதல் என்று இவர் சொல்லியிருந்தார். நாக்கால் பார்த்துச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, அளந்து பார்த்துச் சொன்னார். அந்த அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். அதோடு பேச்சும் நின்றது.

ஆகவே இவர் குப்பியை மேசையில் வைப்பார். அவர் எடுத்துக் கருவியில் போடுவார். வரைபடம் வரும்வரை ஆளுக்கொரு சுவரைப் பார்ப்பார்கள்.

செவ்வாயன்று சிலிக்காத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்கிப் பிரித்தார். பத்து மில்லிகிராம் தூளோடு ஒட்டிக்கொண்டு போயிற்று. மிச்சம் பிடிக்கலாம் என்று கருவிக்குப் பாதி அளவுதான் கொடுத்தார். மலை பாதியானது. மேடு அசையவில்லை. கணக்குப்படி இப்போது நான்கு சதவீதம்.

பக்கத்து மேசைக்காரர் மூலக்கூறுகளைக் கணினியில் வரைபவர். குடுவையைத் தொட்டதில்லை, அதனால் யோசனைக்குக் குறைவில்லை.

"படிகமாக்கிடுங்க அண்ணே. அழுக்கு கரைசல்லயே நின்னுடும்."

"ஆகலைன்னா?"

"என் திரையில ஆகுதே."

குடுவையில் ஆகவில்லை, கோந்தாயிற்று. கண்ணாடிக் கம்பியால் உள்சுவரைக் கீறினார், பனிக்கட்டியில் வைத்தார், யாரும் பார்க்காதபோது கெஞ்சியும் பார்த்தார். வழித்தெடுத்தது பதினேழு மில்லிகிராம். வியாழனன்று மனைவியின் அறைக்குப் போனபோது மேசையில் சூடாக ஒரு டீ இருந்தது. ஆவி குப்பிக்கு ஆகாது என்று அதைத் தள்ளி வைத்தார். கருவிக்கு இம்முறை கால் பங்குதான். மேடு எட்டு சதவீதம்.

"நீங்க கழுவக் கழுவ அழுக்கு ஏறுதே அண்ணே," என்றார் பக்கத்து மேசைக்காரர். "அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன குறைஞ்சு போயிடும்?"

"அவ மொதல்ல பேசட்டும்."

"அதுக்குள்ள பொடி தீந்துடும்."

"தீரட்டும்."

வாய்தான் அப்படிச் சொன்னது. பாவம், கை குழாயில் மறுபடி தூளை நிரப்பிக்கொண்டிருந்தது.

வெள்ளி காலையில் மிஞ்சியது ஆறு. கருவிக்குக் கொடுத்தது கண்ணுக்குத் தெரியாத துளி. மேடு மலையின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றது.

மனைவியின் அறையிலிருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு வாய் திறந்தது.

"தோத்துட்டேன். பத்து கேட்டாங்க, ஆறுதான் இருக்கு. அந்த மேடு போகவே மாட்டேங்குது."

மனைவி வரைபடத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"அது மெஷினோட மேடுங்க. வெறும் கரைப்பானை விட்டாலும் வரும். மத்தவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன், உங்ககிட்டதான் பேச்சில்லையே. உங்க பொடி திங்கக்கிழமையே சுத்தம்."

அவர் மிஞ்சிய குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மனைவி காதோர முடியை ஒதுக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"சுத்தமா இருக்கிறதையே தினமும் தூக்கிக்கிட்டு வர்றீங்களே, என்னைப் பாக்கத்தான் வர்றீங்கன்னுல்ல நினைச்சேன்."