திருப்பி வைக்க வந்தவள்

சௌந்தர்யா இரண்டாம் முறை அந்தக் கடைக்குள் நுழைந்தபோது அவள் கைப்பைக்குள் திருட்டுப் பொருள் இருந்தது. ஆண்கள் முகம் மழிக்கும் ரேசர். எடுத்தது அவளல்ல, வெளியே காரில் உட்கார்ந்திருக்கும் மாமியார் கண்ணாத்தாள்.

திருச்செங்கோட்டில் அந்தக் குடும்பத்தைத் தெரியாதவர்கள் குறைவு. தென்னந்தோப்பு, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகள், கோயில் விசேஷத்தில் முதல் மரியாதை. அப்பேர்ப்பட்டவர் காரில் ஏறியதும் முந்தானைக்குள்ளிருந்து ரேசரை எடுத்து, மளிகைப் பைக்குள் நிதானமாகப் போட்டதை, கல்யாணமாகி மூன்று மாதமே ஆன மருமகள் பார்த்துவிட்டாள்.

கேட்கத் துணிவில்லை. மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பியபோது அதை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். போனைக் கடையிலேயே மறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

எடுத்த இடத்தில் வைத்துவிட்டால் முடிந்தது. ஆனால் அந்த அலமாரிக்கு முன்னால் ஜெயப்பிரியா என்ற விற்பனைப் பெண் சோப்பு அடுக்கிக்கொண்டிருந்தாள். இப்போதைக்கு நகர்கிற மாதிரி தெரியவில்லை. சௌந்தர்யா பிஸ்கட் பக்கம் ஒதுங்கிப் பையைத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பைக்குள் போன் அலறியது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அழைத்தது மாமியார்.

"கெடச்சிருச்சா கண்ணு? நாந்தான் அடிச்சுப் பாத்தேன். அப்பச் சீக்கிரம் வா சாமி, கடைக்காரங்களுக்குத் தொந்தரவு குடுக்காத."

"வாரனுங்க அத்தை."

இனி நேரமில்லை. கைக்கு எட்டிய இடத்தில் ரேசரைச் செருகினாள். அவசரத்தில் முழங்கை இடித்து, பிஸ்கட் அடுக்கு மொத்தமும் சரிந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் குனிந்து, பிஸ்கட்டையெல்லாம் விட்டுவிட்டு ரேசரை மட்டும் எடுத்து நீட்டினார்.

"உங்களுதுங்களா? உங்க பைக்குள்ள இருந்து எடுத்தீங்களே, பாத்தேன்."

கடை முழுக்கக் கேட்கிற குரல் அவருக்கு. சௌந்தர்யா தலையாட்டி வாங்கிக்கொண்டாள்.

ஒரே வழி, பில் போட்டு வாங்கிவிடுவது. கல்லாவுக்குப் போனாள். மேலாளர் கோகுல்ராஜ் அவளைப் பார்க்கவில்லை. கேமரா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் அவள் கைப்பை வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அவர் ஜெயப்பிரியாவைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். அவள் நேராக சௌந்தர்யாவிடம் வந்து முழங்கையைத் தொட்டு ஓரமாக அழைத்துப் போனாள்.

போலீஸ் வருமா? கணவர் சந்தோஷ்குமாருக்கு யார் சொல்வது? உண்மையைச் சொன்னால் அந்த வீட்டின் பெயர் இன்றைக்கே ஊர் வாயில் விழும். சொல்லாவிட்டால் விழப்போவது இவள் பெயர். கண்ணை மூடித் திறந்தாள்.

"நாந்தாங்க எடுத்தேன். எங்க அத்தைக்கு இதுல ஒண்ணுந் தெரியாதுங்க."

அத்தையைப் பற்றி யாருமே கேட்கவில்லை என்பது, சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ஜெயப்பிரியா அவள் கையிலிருந்த ரேசரை மெல்ல வாங்கிக்கொண்டாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இனிமே எங்கிட்டயே குடுத்துட்டுப் போயிருங்கக்கா. உங்க மாமனாருன்னா அந்தந்த எடத்துலயே கொண்டாந்து வெச்சுருவாருங்க. உங்க ஊட்டுக்காரருதான் கண்ட எடத்துல சொருகிட்டுப் போயி எங்களத் தேட உடறாருங்க."