மூன்றாவது சிலிண்டரும் டவுட்டு மெக்கானிக்கும்

சவரம் செய்யும்போது கண்ணாடியில் தெரிவது தன் முகம்தானா என்று இரண்டு முறை உற்றுப் பார்த்துக்கொள்ளும் மனிதர் உலகத்தில் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் செஞ்சியில் திண்டிவனம் ரோட்டோரம் ஷெட் போட்டிருக்கும் டவுட்டு மெக்கானிக்தான். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. கேட்டால், "எதுக்குக் கேக்கற?" என்பார்.

மழை வரும் என்று டிவியில் சொன்னால் அன்றைக்குத்தான் துணி துவைத்துக் காயப்போடுவார். புது பிளக் வாங்கினால் டப்பாவை மோந்து பார்ப்பார். டீக்கடைக்காரர் அவருக்கு முன்னால் ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டுத்தான் அவர் கிளாஸில் டீ ஊற்ற வேண்டும்.

நான் அனந்தபுரத்தில் கணக்கு டீச்சர். என் நைனாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன், இரண்டு கிட்னியும் வேலைநிறுத்தம் செய்துவிட்டதால், வாரத்தில் மூன்று நாள் திண்டிவனத்துக்கு டயாலிசிஸ் கூட்டிப்போக ஒரு பெட்ரோல் கார் வாங்கியிருந்தேன். கடைசி சர்வீஸ் முடிந்து வந்ததிலிருந்து அதற்கு ஒரு வியாதி. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று குளிர்ஜுரம் வந்தது போல நடுங்கும், இழுவை போய்விடும், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மினுக்கும். ஊரில் பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். நான்கு சிலிண்டரில் மூன்றாவது, நெருப்புப் பற்றாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்றார்கள். பிளக் மாற்றினார்கள். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலையும் மாற்றினார்கள். அடுத்த வாரமே திண்டிவனம் நாலு ரோடு சந்திப்பில், பின் சீட்டில் நைனா இருக்க, எதிரில் மணல் லாரி வர, வண்டி நட்டநடுவில் நின்று உதறியது. லாரிக்காரர் பிரேக் போட்டதால் நான் இன்றைக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நைனா டயாலிசிஸுக்கு வரமாட்டேன் என்று சொல்ல ஆரம்பித்தார். பஸ்ஸில் போகவும் உடம்பில் தெம்பில்லை. வேறு வழியில்லாமல், ஷெட் வரைக்கும்தான் என்று சொல்லி நைனாவையும் ஏற்றிக்கொண்டு வண்டியை டவுட்டிடம் கொண்டுபோனேன்.

முதலில் என்னை விசாரித்தார். யார் ஓட்டுவது, எங்கே பெட்ரோல் போடுவது, வீட்டில் யாருக்கு என் மேல் கோபம் என்று வரிசையாகக் கேட்டார். பிறகு நைனா பக்கம் திரும்பி, பானட்டைத் திறந்து கை வைத்தாரா என்று கேட்டார்.

"என் உடம்பையே நான் தொறந்து பாக்கல, பானட்ட எங்க தொறக்கறது?" என்றார் நைனா.

புது காயில் புதிதுதானா, பழசைத் துடைத்து மாட்டினார்களா என்று அவருக்குச் சந்தேகம். என் கைப்பையிலிருந்து நகப்பூச்சு கேட்டு வாங்கி, மூன்றாவது காயிலில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். அதைக் கழற்றி முதல் சிலிண்டரில் மாட்டினார். அங்கிருந்ததை இங்கே மாட்டினார். தப்பு காயிலில் இருந்தால் வியாதியும் கூடவே முதல் சிலிண்டருக்குப் போகும் என்று விளக்கினார். மறுநாள் வண்டி நடுங்கியது. ஸ்கேனர் மறுபடி மூன்று என்றது. பிளக்கையும் அதே மாதிரி இடம் மாற்றினார். அப்போதும் மூன்று. நீள ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையைப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார். நான்கும் ஒரே மாதிரி டிக் டிக்.

ஷெட்டில் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி பூனைக்குட்டி மாதிரி உறுமியது. அவர் என்னையே பார்த்தார்.

"டீச்சரம்மா, எங்கிட்ட எதையோ மறைக்கறீங்க. நானே வந்து பாக்கறேன்."

இப்படியாக அடுத்த டயாலிசிஸ் நாளில் முன்சீட்டில் டவுட்டு, மடியில் ஸ்கேனர். பின்சீட்டில், மெக்கானிக்கே கூட வருகிறார் என்று சொல்லி ஏற்றிய நைனா, அவருக்கு டவுட்டு மேல் சந்தேகம். ரிப்பேரை இழுத்தடிக்க இந்த ஆள் எதையாவது பிடுங்கிவிடுவானோ என்று வழியெல்லாம் அவர் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் கியர் மாற்றினால் இரண்டு பேரும் சேர்ந்து என் கையைப் பார்த்தார்கள். பரீட்சை ஹாலில் சூப்பர்வைசராக நின்று பழகிய எனக்கு, பரீட்சை எழுதும் பிள்ளைகளின் கஷ்டம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் செங்குத்தான சிமெண்ட் ஏற்றம். பாதி ஏறும்போது வண்டி நடுங்கியது. டவுட்டு முகத்தில் முதல்முறையாகச் சந்தோஷம். நைனாவை வீல் சேரில் உள்ளே அனுப்பிவிட்டு, வண்டியைச் சமதரையில் நிறுத்தச் சொன்னார். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு, முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சமே கொஞ்சம் விடச் சொல்லிவிட்டு, பானட்டைத் திறந்து பக்கவாட்டில் நின்றுகொண்டார். நகர முடியாத இன்ஜின் லேசாகச் சாய்ந்தது. உடனே நடுக்கம். கிளட்சை மிதித்தேன், இன்ஜின் நிமிர்ந்தது, நடுக்கம் போனது.

இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு, மூன்றாவது காயிலுக்குப் போகும் வயரை இரண்டு விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார். என் விரலையும் வைக்கச் சொன்னார். வேகவைத்த முருங்கைக்காய் மாதிரி கொழகொழவென்று இருந்தது.

"மேல தோலு நல்லாத்தான் இருக்குது. உள்ள கம்பி அறுந்துட்டுது," என்றார்.

சர்வீஸில் யாரோ அந்த வயரைப் பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஏற்றத்திலோ, நின்று கிளம்பும்போதோ இன்ஜின் சாயும், வயர் இழுபடும், அறுந்த முனைகள் பிரியும். நிமிர்ந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஷெட்டில் நல்ல பிள்ளை வேஷம். அங்கேயே நாடாவை வெட்டி, புது வயரைத் தாராளமாகத் தளர விட்டு இணைத்தார். ஏற்றத்தில் ஆறு முறை ஏறி இறங்கினோம். ஒரு உதறல் இல்லை. நைனா வெளியே வந்ததும், பயமில்லாமல் ஏறலாம் என்றேன். அவர் டவுட்டைப் பார்த்தார். டவுட்டு தலையை ஆட்டினார். அதன் பிறகே ஏறினார்.

அடுத்த டயாலிசிஸ் நாளில் வல்லம் தாண்டியதும் சைடு கண்ணாடியில் ஒரு பழைய மொபெட் தெரிந்தது. ஆஸ்பத்திரி வரைக்கும் பின்னாலேயே வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினால் டவுட்டு. திண்டிவனத்தில் ஒரு பார்ட் வாங்க வந்ததாகச் சொன்னார். அதற்கடுத்த முறையும் ஒரு பார்ட் வாங்க வேண்டியிருந்தது. தான் போட்ட வயரின் மேலும் அவருக்குச் சந்தேகம் என்று எனக்குப் புரிந்தது.

நான்காவது டயாலிசிஸ் நாளில், ரோடு காலியாக இருக்கிறதே என்று ஆக்சிலேட்டரை மிதித்தேன். நைனா பின்னாலிருந்து என் தோளைத் தட்டினார்.

"மெதுவாப் போம்மா. அந்தாளு பின்னால வர்றான் இல்ல."